தாமே இட்ட தளை

வீட்டில் ஹார்மோனியம் வைத்திருப்போர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஆறு கட்டை என்று நாம் சொல்கிற ஸ்வரத்தின் மேல் விரலை வையுங்கள். அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும், கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலுமாக, எவ்வளவு நேரம் வாசித்தால் கேட்பவர் எழுந்து போகாமல் இருப்பார்? அரை நிமிஷம் பொறுத்திருப்பார்; மனைவி மக்களாக இருந்தால் அதுவும் சந்தேகமே. வேறு ஸ்வரம் எதையும் தொடலாகாது என்று விதித்துக்கொண்டு, அந்த ஒன்றைக் கொண்டே ஓர் உருப்படியை அமைத்து, கச்சேரி மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் மூச்சடக்கிக் கேட்கும்படி செய்துவிட்டார் ஒருவர் என்றால், அவர் யார், எதற்காக இப்படியொரு காரியத்தில் இறங்கினார் என்று அறிய நமக்கு ஆவல் எழுவது இயல்பே.

அவர் பெயர் ஜியோர்ஜ் லிகெட்டி. இடம் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட். ஆண்டு 1951. அவ்வாண்டு தொடங்கி 1953-இல் முடித்த அத்தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'மூசிகா ரிச்செர்காட்டா'. தேடிக் கண்டெடுத்த இசை என்று அதற்குப் பொருள் கூறலாம். பியானோவுக்கென எழுதிய பதினொரு உருப்படிகள் அதில் உள்ளன. வரிசையாக வாசித்தால் ஏறத்தாழ 25 நிமிஷம் ஆகும். அந்த 25 நிமிஷத்துக்குப் பின்னால் இருக்கும் சரித்திரமே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

லிகெட்டி 1923-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி திரான்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் பிறந்தார். முதல் உலக யுத்தத்துக்குப் பின், 1920-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால், அப்பிரதேசம் ஹங்கேரியின் கையைவிட்டு ருமேனியாவைச் சேர்ந்திருந்தது. ஊரில் பெரும்பாலோர் பேசியது ஹங்கேரிய மொழி. சிறு பிள்ளையாக இருக்கையில் ஒருநாள் போலீஸ்காரர்கள் ருமேனிய மொழியில் பேசிக்கொள்வதைக் கேட்ட பிறகுதான், உலகில் தம் வீட்டு மொழியைத் தவிர வேறு மொழியும் உண்டு என்பதே தமக்குத் தெரிந்தது என்று அவர் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். தெருவில் ஒரு மொழியும் அடுக்களையில் ஒரு மொழியுமாக வளரும் பிள்ளைகளை நாக்பூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் பெற்று வளர்க்கும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடும்பம் யூதக் குடும்பம். தாயார் கண் மருத்துவர். தந்தையாருக்குப் பிள்ளை விஞ்ஞானியாக வேண்டும் என்ற எண்ணம். ஆகவே பதினான்காம் வயதில்தான் பியானோ பயிலத் தொடங்கினார். இந்த வாத்தியத்துக்கு அது மிகவும் முற்றிய வயது. பெளதிகமும் கணிதமும் படிக்க 1941-இல் விரும்பியபோது, யூத மாணவருக்கு வகுத்திருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. பல்கலைக்கழகக் கதவு அடைபட்டதால் சங்கீதக் கல்லூரிக்குள் நுழைந்தார். 1944-இல் அவரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்துக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்து திரும்பியபோது தந்தையார் இல்லை. பெர்கன் பெல்சன் முகாமில் மாண்டிருந்தார். பதினாறு வயதுத் தம்பி மெளத்தெளசன் முகாமில் மாண்டான். அவுஷ்விட்ஸ் முகாமுக்குப் போன தாயார் மட்டும் உயிரோடு மீண்டார். இதற்குமேல் இதைப் பற்றிப் பேச நமக்கு நாவெழவில்லை.

1945 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரின் லிஸ்ட் இசைக் கழகத்தில் நுழைவுத் தேர்வு எழுத வந்தார் லிகெட்டி. ஹங்கேரியின் தலைசிறந்த இசையாசிரியரான பேலா பார்டோக் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து அங்கே கற்பிக்கப் போகிறார் என்று மாணவர் எல்லாரும் எதிர்பார்த்திருந்த சமயம் அது. கழகத்தின் முகப்பில் அவர் கண்டது ஒரு கறுப்புக் கொடி. பார்டோக் அம்மாதம் 26-ஆம் தேதி நியூயார்க்கில் காலமாகிவிட்டார். தேர்வுக்கு வந்திருந்த மற்றொரு மாணவரான ஜியோர்ஜ் குர்டாக் அன்று அவருக்கு நண்பரானார். பின்னாளில் அவரும் உலகப் புகழ் பெற்ற இசையாசிரியரானார்.

படிப்பு 1949-இல் முடிந்தது. ருமேனிய நாட்டுப் பாடல்களைச் சேகரிக்கும் பணியில் சிறிது காலம் ஈடுபட்ட பின், மூத்த இசையறிஞர் சொல்டான் கோடாயின் ஆதரவால், 1950-இல் தாம் படித்த கழகத்திலேயே ஆசிரியரானார். சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் இலக்கணத்தையும், பல குரல்கள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் அமைப்பின் இலக்கணத்தையும் மாணவருக்குப் போதிப்பது அவர் வேலை. இலக்கணத்தில் கண்டிப்பானவர் என்று பெயர். இதை நினைவில் கொள்ள வேண்டும். நாம் மேலே சொல்லப் போகிற செயல் இலக்கணம் அறியாதவரின் குறும்பு அன்று.

அக்காலத்து ஹங்கேரியில் இசைக்கு வேறோர் இலக்கணமும் இருந்தது. 1948 பிப்ரவரியில் மாஸ்கோவில் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் வெளியிட்டது. ஷொஸ்தகோவிச், புரோகோஃபியெவ், கச்சதூரியன் முதலிய பெரியோர் பெயரைச் சொல்லியே கண்டித்து, அவர்கள் இசை மக்களுக்கு விளங்காத வெறும் உருவ விளையாட்டு என்று அது தூற்றியது. அந்தத் தீர்மானத்தின் நிழல் விரைவிலேயே புடாபெஸ்டிலும் விழுந்தது. இசை எளிமையாக இருத்தல் வேண்டும், உற்சாகமூட்டுதல் வேண்டும், நாட்டுப் பாடல் மெட்டைத் தழுவுதல் வேண்டும். பார்டோக்கின் நூல்களிலேயே கடினமானவை மேடைக்கு வரவில்லை. மேல்நாட்டு வானொலி நிலையங்களின் ஒலிபரப்பை இரைச்சலால் மூழ்கடித்தார்கள். இரவு நேரங்களில் அந்த இரைச்சலுக்கு ஊடே வரும் துண்டு துணுக்குகளே லிகெட்டி போன்றோருக்கு வெளியுலகின் செய்தி.

அந்த 1951-இலேயே லிகெட்டி ஓர் இசைக்குழுப் படைப்பையும் எழுதினார். 'ருமேனியக் கச்சேரி' என்று பெயர். நாட்டுப்புற மெட்டுகள் நிறைந்தது. துள்ளலும் உற்சாகமும் உள்ளது. ஆட்சியார் கேட்டதெல்லாம் அதில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ஒரே ஓர் ஒத்திகையோடு அது நின்றுபோயிற்று. காரணம் இது: கடைசிப் பகுதியில் நான்கு கட்டையை ஆதாரமாகக் கொண்டு இசை செல்லும் இடத்தில் நாலரைக் கட்டை ஸ்வரம் ஒன்று குறுக்கிட்டது. அது ஆகாது என்று தடை விதித்துவிட்டார்கள். ஒரு முழுப் படைப்பு ஓர் அரை ஸ்வரத்தினால் அலமாரிக்குள் போயிற்று. அது பொதுமக்கள் முன் அரங்கேறியது 1971-இல்தான், அதுவும் அமெரிக்காவில்.

தடை என்பது நமக்கும் முற்றிலும் புதிதன்று. நம் அகில இந்திய வானொலியில் ஹார்மோனியம் 1940-இல் விலக்கப்பட்டு, 1971-இல்தான் விலக்கு தளர்ந்தது. அந்த விலக்குக்குச் சுருதி சுத்தம், கமகம் என்று இசை சார்ந்த காரணங்களையேனும் எடுத்துரைத்தார்கள். வானொலியில் வாசிக்க முடியாத ஹார்மோனியக்காரர் நாடகக் கொட்டகையில் வாசித்தார். யாரும் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. புடாபெஸ்டில் விஷயம் வேறு. அங்கே கச்சேரி மண்டபம், வானொலி, பதிப்பகம் ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தன.

இப்படிப்பட்ட நிலையில் ஓர் இசையாசிரியன் என்ன செய்வான்? ஒன்று, சொன்னபடி எழுதலாம். அல்லது எழுதாமலே இருக்கலாம். லிகெட்டி பகலில் முதல் வழியை ஓரளவு கையாண்டார். நாட்டுப் பாடல்களுக்குப் பல குரல் அமைத்துக் கொடுத்தார். அவற்றில் பல அழகானவையே. தமக்கென்று வைத்துக்கொண்ட வேளையிலோ மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். தாம் கற்ற அனைத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஓர் இசையைக் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்து நான் என்ன செய்ய இயலும்? அதன் மேல் ஸ்தாயியைக் கொண்டு என்ன செய்ய இயலும்? இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றைக் கொண்டு? காலக் கணக்கைக் கொண்டு? அக்காலத்தில் தம்முள் எழுந்த கேள்விகள் இவையே என்று அவர் பிறகு கூறினார்.

நாலரைக் கட்டை என்ற ஒரு ஸ்வரத்தை ஆட்சியார் தடுத்தார்கள். பன்னிரண்டில் பதினொன்றை அவர் தாமே தடுத்துக்கொண்டார். கணக்குப் பார்த்தால் ஆட்சியாரைவிடக் கொடிய அதிகாரி அவரே. ஆயினும் அந்த அறைக்குள் அவர் மூச்சு விட முடிந்தது. தமக்கு ஒவ்வாத விதியைப் போட்டவனிடம் காரணம் கேட்க இயலாது. தாம் போட்ட விதிக்குக் காரணம் தமக்குத் தெரியும், அலுத்துப்போனால் அடுத்த உருப்படியில் அதை மாற்றவும் செய்யலாம். இந்த வேற்றுமையை அவர் எங்கும் விரித்துரைத்ததாக நாம் படித்ததில்லை. நமக்கே தோன்றுவதைச் சொல்கிறோம்.

விதியின் அமைப்பு இது. முதல் உருப்படியில் ஒரு ஸ்வரம், முடிவில் மட்டும் மற்றொன்று, ஆக இரண்டு. இரண்டாவதில் மூன்று ஸ்வரம். மூன்றாவதில் நான்கு. இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடி, பதினோராவதில் பன்னிரண்டு ஸ்வரங்களும் வந்து நிறைகின்றன. ஏற்கெனவே உள்ள ஸ்வரங்களோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகிறார் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வோர் உருப்படிக்கும் புதிதாகவே ஸ்வரங்களைத் தேர்ந்துகொள்கிறார். முதலில் வரும் ஆறு கட்டை இரண்டாவதில் கிடையவே கிடையாது.

முதல் உருப்படியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். அதன் இடக்கோடியில் உள்ள முதல் கட்டையே ஆறு கட்டை ஸ்வரம்தான்; அங்கிருந்து வலக்கோடி வரை எண்ணினால் அந்த ஸ்வரம் எட்டு இடங்களில் வரும். கீழ்க்கோடியில் அது இடி முழங்குவது போலிருக்கும். மேற்கோடியில் கண்ணாடியைத் தட்டியது போலிருக்கும். பெயர் ஒன்று, குரல் எட்டு. லிகெட்டிக்கு எஞ்சியிருந்த செல்வம் இதுவே. ராகம் இல்லை, சேர்ந்தொலிக்கும் வேற்று ஸ்வரம் இல்லை. ஆகவே மற்றவர் கவனிக்காமல் விடுவதையெல்லாம் அவர் கவனிக்க நேர்ந்தது. எவ்வளவு ஓங்கி அடிப்பது, எவ்வளவு மெல்லத் தொடுவது, எங்கே நிறுத்துவது, நிறுத்திய பின் ஒலியின் மிச்சத்தை எவ்வளவு நேரம் அதிர விடுவது என்பனவே அங்கே உருப்படியாகிவிடுகின்றன. நிதானமாகத் தொடங்கும் தாளம் இடக்கையில் ஓர் இயந்திரம்போல் நிலைகொள்கிறது. அதன்மேல் வலக்கை குறுக்குக் கணக்குகளை வைக்கிறது. போகப் போகக் காலம் விரைந்து, கடைசியில் பேய் வேகம் கொள்கிறது. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மிருதங்க வித்வான் ஒருவர் ராகமே இல்லாமல் கால்மணி நேரம் சபையைக் கட்டிப்போடுவதை நாம் பார்த்ததில்லையா?

பிறகு வருகிறது அந்த முடிவு. வேகம் உச்சத்தை எட்டி நின்ற இடத்தில், இதுவரை நாம் கேட்டறியாத ஒரு ஸ்வரம், இரண்டு கட்டை, முதன்முறையாக விழுகிறது. அத்தோடு உருப்படி முடிந்தது. இதில் உள்ள சாமர்த்தியம் நம் சங்கீதம் தெரிந்தவருக்கு உடனே விளங்கும். இரண்டு கட்டையைச் சட்ஜமாக வைத்தால் ஆறு கட்டை அதற்குப் பஞ்சமம். இவ்வளவு நேரமும் எதைச் சட்ஜம் என்று நம்பி உட்கார்ந்திருந்தோமோ அது பஞ்சமமாக மாறிவிடுகிறது. வீடு என்று நினைத்தது வாசல்தான். வீடு இப்போதுதான் திறக்கிறது. ஒரே ஒரு ஸ்வரத்தைக் கூட்டி இவ்வளவு பெரிய மாறுதலைச் செய்ய முடிந்தது, அதுவரை அவர் காத்த பட்டினியால். வழக்கமான உருப்படி ஒன்றில் அந்த இரண்டு கட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது உருப்படியே இன்று எல்லாவற்றிலும் பெயர் பெற்றது. துயரமாய், விறைப்பாய், சடங்கு முறையாய் வாசிக்க வேண்டும் என்று தலைப்பில் குறித்திருக்கிறார். நான்கு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை ஆகிய மூன்றே ஸ்வரங்கள். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியவை. நம் மேளகர்த்தாக்களில் முதலாவதான கனகாங்கியில் சட்ஜம், சுத்த ரிஷபம், சுத்த காந்தாரம் மூன்றும் இப்படித்தான் நெருங்கி நிற்கும். அதைப் பாடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பாடகர்கள் அறிவார்கள். நெடுநேரம் முதல் இரண்டு ஸ்வரங்களே, சவ ஊர்வலத்தின் நடைபோல, மாறி மாறி வருகின்றன. அவற்றுக்கு இடையே உள்ளது அரை ஸ்வர இடைவெளி. அதைக் கேட்பவனுக்கு நெஞ்சு அடைக்கும். திடீரென மூன்றாம் ஸ்வரமான ஐந்து கட்டை வெட்டென விழுகிறது. மீண்டும் மீண்டும், வர வர வேகமாக, ஆணியடிப்பது போல விழுகிறது. அது ஸ்டாலினின் இருதயத்தில் இறங்கிய கத்தி என்று லிகெட்டி பிற்காலத்தில் கூறினார்.

அவர் இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், 1951 டிசம்பரில், புடாபெஸ்ட் நகரின் பெரும் பூங்காவை அடுத்து ஸ்டாலினுக்கு ஒரு மாபெரும் வெண்கலச் சிலை திறந்தார்கள். இசையாசிரியன் கத்தியை மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டான். அதைக் கண்டுபிடித்திருந்தாலும் அதிகாரிகள் என்ன கண்டிருப்பார்கள்? மூன்று ஸ்வரம். அவ்வளவுதான்.

மற்ற உருப்படிகள் அனைத்தும் இப்படி இருளடைந்தவை என்று எண்ணற்க. மூன்றாவது, குழந்தை குதித்தோடுவது போன்றது. ஒரு கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு, சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று நான்கே ஸ்வரம். காந்தாரம் இரண்டும் ஒன்றையொன்று கேலி செய்வதுபோல மாறி மாறி வந்து, மகிழ்ச்சியா துயரமா என்று தீர்மானிக்க விடாமல் நம்மை அலைக்கழிக்கின்றன. நான்காவது, ஐரோப்பியத் தெருக்களில் கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் இசைப்பெட்டியைப் போல நொண்டி நொண்டிச் சுழலும் ஒரு வால்ட்ஸ் நடனம். ஐந்தாவது ஒப்பாரி. ஏழாவதில் இடக்கை ஏழு ஸ்வரங்களை ஓசையின்றி ஓடும் நீர்போல விடாமல் சுற்றிக்கொண்டிருக்க, வலக்கை தன் போக்கில் ஒரு பாட்டைப் பாடிச் செல்கிறது. இரண்டும் ஒரே மனிதனின் கைகள் என்பதை நம்புவது கடினம். நம்மைக் கேட்டால் பதினொன்றில் மிகவும் அழகியது இதுவே. ஒன்பதாவது பார்டோக்கின் நினைவுக்கு அர்ப்பணமானது. தாழ்ந்த ஸ்தாயியில் மணியோசை கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் கறுப்புக் கொடியைக் கண்ட மாணவன் செலுத்திய கடன் அது.

பதினோராவதுக்கு வரும்போது பன்னிரண்டு ஸ்வரங்களும் கைக்கு வந்துவிட்டன. விதி தளர்ந்துவிட்டது, இனி யதேச்சையாக எழுதலாம். அங்கேதான் லிகெட்டி, ரோமாபுரியில் முந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவரை அழைத்து வந்து நிறுத்துகிறார். அவர் கிரோலமோ பிரெஸ்கோபால்டி; 1583-இல் பிறந்து 1643-இல் மறைந்தவர்; 1608 முதல் செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவருடைய ஸ்வர வரிசை ஒன்றை அடியொற்றி, பன்னிரண்டு ஸ்வரங்களையும் தொட்டுச் செல்லும் ஒரு கருப்பொருளை அமைத்து, ஒரு குரலை மற்றொரு குரல் பின்தொடரும் பழைய 'ரிச்செர்கார்' வடிவில் அதை எழுதி, அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்.

இந்த அழைப்பு வெறும் மரியாதைக்காகச் செய்ததாக நமக்குத் தோன்றவில்லை. தமக்குத் தாமே தளை பூட்டிக்கொள்ளும் கலையில் பிரெஸ்கோபால்டி முன்னோடி. 1615-இல் ரோமில் அவர் வெளியிட்ட நூலில் சில உருப்படிகளின் தலைப்பிலேயே 'ஒப்ளிகோ', அதாவது கட்டுப்பாடு, இன்னது என்று அச்சிட்டிருக்கிறார். எட்டாவது ரிச்செர்காரின் கட்டுப்பாடு, எந்தக் குரலும் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குச் செல்லலாகாது என்பது. சட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் போகக் கூடாது. தாவித்தான் போக வேண்டும். 1635-இல் வெளிவந்த 'இசை மலர்கள்' என்னும் நூலிலோ இன்னும் துணிந்துவிட்டார். நான்கு குரல்களைக் கை வாசிக்க, ஐந்தாவது குரலை வாசிப்பவரே வாயால் பாட வேண்டும். அது எங்கே நுழைய வேண்டும் என்பதையும் அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்நூலின் பிரதி ஒன்றை ஜெர்மனியில் செபாஸ்டியன் பாக் 1714-இல் வைத்திருந்தார் என்றால் அதன் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கையில் நம் புலவர்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. யாப்பு என்ற சொல்லுக்கே கட்டுதல் என்றுதானே பொருள்? அது போதாதென்று, பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகத்தில், யமகமும் அந்தாதியும் சேர்த்து, திருச்செந்தூர் முருகன் மேல் ஒரு நூலே பாடிவிட்டார். பிரெஸ்கோபால்டியின் நூற்றாண்டும் அதுவே. வித்தை காட்டுவது என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு. சிலவற்றைப் பற்றி அது சரியும்கூட.

லிகெட்டியின் பதினொன்றும் இழுப்பறைக்குள்ளேயே கிடந்தன. 1953-இல் அவற்றில் ஆறினைத் தேர்ந்து, புல்லாங்குழல் முதலிய ஐந்து ஊதுவாத்தியங்களுக்கு மாற்றி எழுதினார். 1956-இல் ஆட்சியின் பிடி சற்றே தளர்ந்திருந்த வேளையில் அது புடாபெஸ்டில் மேடையேறியது. ஆனால் ஆறில் ஐந்து மட்டுமே. ஆறாவதில் அரை ஸ்வர மோதல்கள் மிகுதி என்று அதை விலக்கிவிட்டார்கள். பியானோத் தொகுப்பில் அது பத்தாவது உருப்படி. பதினொரு ஸ்வரங்களை ஆண்டது. ஐந்து ஆண்டுக்கு முன் ஒரு நாலரைக் கட்டைக்கு அஞ்சியவர்கள் இதற்கு அஞ்சியதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி புரட்சி வெடித்தது. மக்கள் ஸ்டாலின் சிலையை அறுத்து வீழ்த்தினார்கள். பீடத்தின் மேல் வெண்கலப் பூட்ஸுகள் மட்டும் நின்றன. நவம்பர் 4-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. எங்கும் குண்டு வீச்சு. ஜனங்கள் நிலவறைகளில் ஒடுங்கிக் கிடந்தார்கள். நவம்பர் 7-ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் கொலோன் வானொலி ஸ்டாக்ஹெளசன் என்ற இளம் இசையாசிரியரின் மின்னொலிப் படைப்பு ஒன்றை ஒலிபரப்பியது. லிகெட்டி நிலவறைக்குப் போகவில்லை. வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து அதைக் கேட்டார். வானொலியின் வரலாற்றில் நேயர் ஒருவர் ஒரு நிகழ்ச்சிக்காக இதைவிட அதிக விலை கொடுக்கத் துணிந்தது உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் அவரும் வேராவும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டில் வேரா மீண்டும் அவருக்கு மனைவியானார். ரயிலில் எல்லையை நோக்கிச் செல்கையில் தபால் மூட்டைகளின் அடியில் ஒளிந்திருந்தார்கள். கடைசித் தூரத்தை இரவில் சேற்றில் நடந்தே கடந்து ஆஸ்திரியாவை அடைந்தார்கள். எழுதியவற்றில் பெரும்பகுதி புடாபெஸ்டிலேயே தங்கிவிட்டது. 1957 பிப்ரவரியில் கொலோன் நகருக்குச் சென்று, குண்டு மழைக்கு நடுவே யாருடைய இசையைக் கேட்டாரோ அதே ஸ்டாக்ஹெளசன் வீட்டில் சில வாரங்கள் விருந்தினராகத் தங்கினார்.

அங்கே அவர் எழுதிய இசை வேறு வகையானது. 1961-இல் எழுதிய 'அட்மாஸ்ஃபியர்ஸ்' உருப்படியும் வேறு சிலவும் 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தில் இடம் பெற்று, அவர் பெயரை உலகமெங்கும் கொண்டுசென்றன. அனுமதி கேளாமல் சேர்த்தார்கள் என்பது வேறு கதை. புடாபெஸ்டில் எழுதிய பதினொன்றும் முழுமையாக மேடை கண்டது 1969 நவம்பர் 18-ஆம் தேதி, ஸ்வீடன் நாட்டின் சுண்ட்ஸ்வால் நகரில். வாசித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லீசா போயோலா என்ற அம்மையார். எழுதி முடித்துப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டாலினின் இருதயத்துக்கென்று செய்த அந்த இரண்டாவது உருப்படியை, 1999-இல் அதே குப்ரிக் தம் கடைசிப் படத்தில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார். படம் பார்த்தவர்களுள் அந்த ஐந்து கட்டை யாருக்காக விழுந்தது என்று அறிந்தவர் சிலரே இருந்திருப்பார்கள்.

லிகெட்டி 2006 ஜூன் 12-ஆம் தேதி வியன்னாவில் காலமானார். அதற்கு முன் ஹாம்பர்க் நகரில் 1973 முதல் 1989 வரை பேராசிரியராக இருந்தார். எந்த ஸ்வரத்தை எழுதினாலும் கேட்பாரில்லை, அரங்குகள் காத்திருந்தன, பதிப்பகம் காத்திருந்தது. 1985-இல், அறுபத்திரண்டு வயதில், பியானோவுக்கெனச் சாதக உருப்படிகள் எழுதத் தொடங்கினார். அது 2001 வரை நீண்டு, மூன்று நூல்களில் பதினெட்டாக முடிந்தது. அவற்றில் முதலாவதன் பெயர் 'ஒழுங்கின்மை'. அதற்கு அவர் விதித்துக்கொண்ட ஒழுங்கு: வலக்கை வெள்ளைக் கட்டைகளை மட்டுமே தொடலாம், இடக்கை கறுப்புக் கட்டைகளை மட்டுமே.